பொம்மைக் கடைக்குப் போகாமல் கைக்குழந்தையை விளையாட வைக்க: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முதல் மூன்று மாதத்துக்குக் காசு கொடுத்து எதுவுமே வாங்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும்; மடியில் கிடக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம் அது. கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் அட்டைப் பெட்டியை வெட்டி வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை, வட்டம், கட்டம் போடுங்கள். கோடு மெல்லிசாக இருந்தால் அந்தக் கண்ணுக்கு எல்லாம் கலங்கி ஒன்றாகிவிடும்.

குப்புறப் போடும்போது அதே அட்டையைச் சுவரோரம் நிறுத்தினால் தலையைத் தூக்கிப் பார்க்கும். தவழாத குழந்தையை, விழித்திருக்கும் நேரத்தில், நாளுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புற விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஒரேயடியாக வேண்டாம், மூன்று நான்கு நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பால் குடித்த கையோடு போட்டால் கக்கிவிடும். உடனே சிணுங்குகிற பிள்ளைக்கு ஒரு துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்து, இரண்டு கையையும் முன்னால் எடுத்து விடுங்கள். பக்கத்திலேயே ஆள் இருக்கணும். தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிவிடணும்.

* * *

நாலு மாதத்துக்கு மேல் கை நீட்டிப் பிடிக்கும், பிடித்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். பாட்டில் கிலுகிலுப்பை செய்கிறவர்கள் கவனிக்க: நடுவில் ஒடுங்கிய 200 மி.லி. பாட்டில் எடுங்கள், உருண்டை பாட்டில் பிஞ்சுக் கைக்கு அடங்காது. கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்துக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே போடும் தானியம் கால் பாட்டில் போதும், நிறைத்தால் சத்தமே வராது. கேழ்வரகு சரசரவென்று இருக்கும், கொண்டைக்கடலை தடதடவென்று. இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டால் பிள்ளை மாற்றி மாற்றி ஆட்டும்.

மூடிதான் ஆபத்தான இடம். வெறும் டேப் சுற்றினால் எச்சிலில் ஊறி உரிந்து, அந்தத் துண்டே வாய்க்குள் போய்விடும். மரையில் நல்ல பசை தடவி இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பிறகு கையில் கொடுங்கள். மூடிக்குக் கீழே தங்கும் வளையத்தைக் கழற்றி எறியுங்கள். விரிசல் கண்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

உட்காரத் தொடங்கியதும் எவர்சில்வர் டம்ளர், டிபன் டப்பா, மரக்கரண்டி போதும். விளிம்பில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அந்த இடம் பிஞ்சு உதட்டைக் கிழிக்கும். ஒரே நேரத்தில் மூன்று சாமான்தான், மற்றது அலமாரியில் மறைந்திருக்கட்டும். நாலு நாள் கழித்து மாற்றிக் கொடுத்தால் பழைய டம்ளரே புதுசு. எட்டு மாதவாக்கில் கரண்டியைத் துணிக்குள் ஒளித்துத் தேடவிடலாம். முதலில் பாதியை வெளியே தெரிய விடுங்கள். முழுதாக மூடினால் விட்டுவிட்டுப் போய்விடும்.

* * *

மேலே சொன்னதோடு பாதுகாப்பு பற்றியும் நாலு வார்த்தை. சுமார் 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் பிள்ளை கைக்கு வரக்கூடாது. கட்டித் தொங்கவிடும் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். பலூன் வேண்டவே வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையை அடைத்துக்கொள்ளும். திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாட்டுப் பொம்மையில் பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிறதா பாருங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

செலவே இல்லாதது பருப்பு கடையும் விளையாட்டு. உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல் விரலாக ஊட்டிவிட்டு, நண்டு ஊர்வதுபோல் கையேறி அக்குள் வரைக்கும் போகணும். அக்குளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திக் காத்திருங்கள். ஆறேழு மாதப் பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு, நீங்கள் தொடுவதற்கு முன்பே சிரிக்கும். முகத்தைத் திருப்பினாலோ கண்ணைக் கசக்கினாலோ அதோடு விட்டுவிடுங்கள், அது தூக்கத்துக்கான அழைப்பு.