புதுப்பிப்பு: எஸ்விஜி மேகம் இப்போது திணறாமல் நகர்கிறது

எஸ்விஜி (வெப் பக்கத்தில் குறியீட்டால் வரையும் பட வடிவம்) ஃபில்டரில் மேகம் நன்றாக வருகிறது, ஆனால் நகர வைத்தால் மொபைல் திணறுகிறது என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு வழி கிடைத்துவிட்டது. மேகத்தை வரையும் ஃபெடர்பியூலன்ஸ் (feTurbulence) ஃபில்டர் என்பது கென் பெர்லினின் நாய்ஸ் கணக்கு, அதாவது மேகம் போன்ற ஒழுங்கற்ற வடிவத்தைத் தரும் கணக்கு. அதன் பேஸ்ஃப்ரீக்வென்சியை (வடிவம் எவ்வளவு நெருக்கமாக வரும் என்ற அளவு) அனிமேட் செய்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லாப் பிக்சலையும் மறுபடி கணக்கிட வேண்டும். அதோடு மேகம் மிதக்காது, மூலையிலிருந்து விரியும் அல்லது சுருங்கும்.

அதனால் ஃபிராக்டல்நாய்ஸ் (மென்மையான மேக வகை), சுமார் 0.01 பேஸ்ஃப்ரீக்வென்சி, 4 ஆக்டேவ் (நுணுக்க அடுக்குகள்) என்று ஒரே ஒரு முறை வரைந்து, படமாகச் சேமித்து, இரண்டு அடுக்காக வைத்து, சிஎஸ்எஸ் டிரான்ஸ்ஃபார்மில் (படத்தை மறுபடி வரையாமல் இடம் மாற்றும் வசதி) வெவ்வேறு வேகத்தில் நகர்த்துகிறேன். அவ்வளவு அழகு! ஃபில்டரில் ஸ்டிச்டைல்ஸ் (ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வைக்கும் அமைப்பு) போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஓரத்தில் தையல் கோடு தெரியும். அப்புறம், அசைவைக் குறைக்கச் சொல்லி செட்டிங் வைத்திருப்பவர்களுக்கு மேகத்தை நிறுத்திவிடுங்கள், சிலருக்கு உண்மையிலேயே தலை சுற்றும்.