கூலி லோச் மீன் 6 விட்டேன், கண்ணுல படுறது 2 தான்... மீதி எங்க போச்சு?

ரெண்டடித்தொட்டி: வணக்கம் ப்ரோஸ், நான் புதுசு, திட்டிடாதீங்க. 2 அடி தொட்டி, நியான் டெட்ரா கொஞ்சம் இருக்கு. மூணு வாரம் முன்னாடி சென்னைல கலர் மீன் கடைங்க இருக்குற கொளத்தூர் போனப்ப பாம்புக்குட்டி மாதிரி மஞ்சளும் கருப்புமா இருந்துச்சேன்னு கூலி லோச் 6 வாங்கி விட்டேன். மொத நாள் ஆறும் தெரிஞ்சுது, அப்புறம் நாலு, இப்ப ரெண்டே ரெண்டு. செத்தா மிதக்கணும்ல, ஒண்ணும் மிதக்கல, நாத்தமும் இல்ல. இருக்குற ரெண்டுக்கும் மீசை கட்டையாயிட்டே வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்தா சர்ருனு மேல போய் ஒரு வாய் காத்து குடிச்சிட்டு சர்ருனு கீழ வருதுங்க. கடைக்காரர் உப்பு போடச் சொல்றார், போடலாமா? எங்கம்மா மதுரைக்காரங்க, "அயிரையை வாங்கி கண்ணாடிக்குள்ள விட்டிருக்கியேடா, குழம்புக்குக் கூட பத்தாதே"ன்னு சிரிக்கிறாங்க, அது வேற.

மணல்வாசி: உப்பை தொடவே தொடாதீங்க. இதுங்களுக்கு செதில் இருக்கா இல்லையான்னே தெரியாத அளவு சின்னது, உப்பு மருந்து எல்லாம் சீக்கிரம் தாக்கும், வெள்ளைப்புள்ளி நோய் வந்தாக்கூட பாதி டோஸ் தான் போடுவோம். அடியில என்ன போட்டிருக்கீங்க? என்ன ஃபில்டர்? ராத்திரி பம்ப் ஓடுதா?

ரெண்டடித்தொட்டி: நீலக் கலர் கல்லு ப்ரோ. அண்டர்கிராவல் ஃபில்டர், கல்லுக்கு அடியில ஓட்டைத் தட்டு வெச்சிருப்பாங்களே அது, ஏர் பம்ப்ல ஓடுது. கொர்ருனு சத்தம், அப்பாவுக்கு தூக்கம் வரலன்னு பத்து மணிக்கு ஆஃப் பண்ணிடுவேன், காலைல ஆறுக்கு ஆன்.

மணல்வாசி: அங்க தான் இருக்கு விஷயம். பம்பை நிறுத்துனா தண்ணில ஆக்சிஜன் இறங்கும், அதுவும் இந்த வெயில்ல தண்ணி 31, 32 டிகிரி போயிருந்தா கேக்கவே வேணாம். லோச் காத்தை முழுங்கி குடல் வழியாவே மூச்சு விடும், அதான் அந்த ஓட்டம். கல்லுக்கடியில இருக்குற நல்ல பாக்டீரியாவும் எட்டு மணி நேரம் மூச்சுத் திணறுது, மீன் கழிவுல வர்ற அமோனியாவை அது தின்ன முடியாம அந்த விஷம் ஏறும். இன்னைலருந்து 24 மணி நேரமும் ஓடணும், பம்புக்கு அடியில ஒரு கால்மிதியை மடிச்சு வைங்க, சத்தம் பாதி குறையும். காணாம போனது? அண்டர்கிராவல் தட்டுக்கு அடியில பாருங்க. மூலைல ஒரு விரல் சந்து போதும், உள்ள போயிடும்.

நீரோட்டம்: மீசை அந்த கல்லால தான். கல்லு முனை குத்தும், சந்துல விழுந்த தீனி அழுகி அதுல புண்ணு வரும். மணல் போடுங்க, ரெண்டு இன்ச். ஆத்து மணல் கிடைச்சா நல்லது, எம் சாண்ட் வேணாம், அது கல்லை ஒடைச்சது, கூரா இருக்கும். மணல்ல கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா கிளிஞ்சல் இருக்கு, சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணி கடினமாகும். நான் இருக்குறது மலேசியா, இதோட சொந்தக்காரங்க இங்க சதுப்புக்காட்டுல இலை மக்கி டிகாக்‌ஷன் கலர்ல இருக்குற தண்ணில கிடக்கும். ரெண்டு காஞ்ச பாதாம் இலை போட்டா ஒளியறதுக்கும் ஆச்சு.

மணல்வாசி: மணல் போட்டா அண்டர்கிராவல் அடைச்சிடும், ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறணும். ஆனா கல்லை மொத்தமா தூக்கி எறிஞ்சிடாதீங்க, ரெண்டு கை எடுத்து பழைய சாக்ஸ்ல கட்டி புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் பக்கத்துல போடுங்க, பாக்டீரியா அதுல தான் இருக்கு. லோச்சை வலையில பிடிக்காதீங்க, கண்ணுக்குக் கீழ சின்ன முள்ளு இருக்கு, மாட்டிக்கும். டம்ளர்ல மொண்டு எடுங்க.

ரெண்டடித்தொட்டி: அப்டேட்! ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் பிரிச்சேன். தட்டைத் தூக்குனா அடியில மூணு, மேல இருந்த ரெண்டை விட கொழுகொழுன்னு, விழுந்த தீனியெல்லாம் அதுங்களுக்குத்தான் போயிருக்கு. ஆறாவது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால கருவாடா கிடந்துச்சு, மூடியில வயர் போற ஓட்டை வழியா வெளிய வந்திருக்கும், இப்ப அதுல ஸ்பாஞ்ச் அடைச்சிட்டேன். அம்மாவோட மாவு சலடையில மணல் சலிச்சதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா அவங்க தான் சொன்னாங்க, "அயிரை மணலை வாயில அள்ளி செவுள்ல துப்பும்டா, அதான் குழம்பு வைக்க முன்னாடி பால்ல விடுறது"ன்னு. விட்ட அஞ்சு நிமிஷத்துல அஞ்சும் அதையே பண்ணுதுங்க, செவுள்ல இருந்து மணல் பொடிப்பொடியா கொட்டுது. ராத்திரி மேல ஓடுறது நின்னுடுச்சு. மீசை திரும்ப வளருமா?

நீரோட்டம்: அடி வரைக்கும் போகலன்னா மெதுவா வளரும். அதுவரைக்கும் கெட்டியா இருக்குற தீனி வேணாம், லைட் அணைச்சப்புறம் மீன் கடைல உறைய வெச்சு விக்கிற ரத்தப்புழுவைக் கரைச்சு விடுங்க. அப்புறம் ஒண்ணு, அஞ்சை ஆறாக்குங்க, கூட்டமா இருந்தா பகல்லயும் வெளிய வரும்.