கலைச்சொல் விவாதம்: இறாலுக்குப் புகை போடுவதை எப்படிச் சொல்வது?

தென்றல் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே கடலுணவுக்குப் புகை போடும் சிறு பெட்டி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். மொத்தம் 32 பக்கம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐந்து சொற்களுக்காக வேலை நிற்கிறது: ஸ்மோக்கிங், ஹாட் ஸ்மோக்கிங், கோல்ட் ஸ்மோக்கிங், பெலிக்கிள் (உலர்ந்த இறாலின் மேல் வரும் மெல்லிய ஏடு), லிக்விட் ஸ்மோக் (நீரில் பிடித்த புகை).

சொல் எங்கே வந்து உட்காரும் என்று தெரிந்தால் உங்களுக்கு எளிதாக இருக்கும். செய்முறையின் சுருக்கம் இது. 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 60 கிராம் உப்பும் 30 கிராம் சர்க்கரையும் கரைத்து, உரித்த இறாலை 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். ஓட்டோடு என்றால் 40 நிமிடம். அலசி, துணியால் ஒற்றி, கம்பித்தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை வைக்க வேண்டும். பிறகு 110 டிகிரி செல்சியஸில் 25 முதல் 35 நிமிடம் புகை. நடுச்சதை 63 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும்.

"இறாலைப் புகைத்தல்" என்று எழுதிப் பார்த்தேன். பீடியைப் புகைப்பது போலத்தான் காதில் விழுகிறது. வேறு வழி சொல்லுங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

புகைந்தது தன்வினை, புகைத்தது பிறவினை. அலைந்தான், அலைத்தான் போல. அதனால் "புகைத்த இறால்" இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் தென்றல் அவர்கள் சொல்வது போல அந்த வினையைப் புகையிலை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மீட்பது கடினம்.

என் பரிந்துரை புகையூட்டல். கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுவது பழம்பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டுவதும் அப்படியே. ஊட்டுதல் என்றால் வாயில் சோறு வைப்பது மட்டும் அல்ல. ஒன்றின் நிறத்தையோ மணத்தையோ இன்னொன்றில் ஊறிப் பிடிக்கச் செய்வதும் ஊட்டுதல்தான். இறாலுக்கு நடப்பதும் இதுவே.

அடுப்படி எழுதியது:

ஐயா, ஊட்டல் அழகாக இருக்கிறது, ஆனால் அடுப்பங்கரையில் யாரும் "புகையூட்டு" என்று சொல்லப் போவதில்லை. காய் பழுக்க "மூட்டம் போடுவது" என்று ஏற்கெனவே ஒரு சொல் மக்கள் வாயில் இருக்கிறதே. மூட்டம், மூட்டம் போட்ட இறால், மூட்டப்பெட்டி. ஒரே வேரில் மூன்று சொல் கிடைக்கிறது. தொழில்காரன் சொல்லை விட்டுவிட்டுக் கூந்தலில் போய் ஏன் தேட வேண்டும்?

இலக்கணி எழுதியது:

> மூட்டம், மூட்டம் போட்ட இறால், மூட்டப்பெட்டி.

இன்னும் சுருக்கமாக, புகையிறால். புகையால் பதப்படுத்திய இறால் என விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய். எந்தச் சிக்கலும் இல்லை.

வேர்ச்சொல் எழுதியது:

சிக்கல் உண்டு. புகையிலையும் அதே அமைப்புதான், ஆனால் அது புகையால் பதப்படுத்திய இலை என்று விரியாது, புகைப்பதற்கான இலை என்று விரியும். தொகையில் எது தொக்கி நிற்கிறது என்பதைப் படிப்பவர் பழக்கத்தால்தான் அறிகிறார். புதுச் சொல்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இன்னொன்று. இறால் என்றால் பழைய வழக்கில் தேன்கூடும்தான். கடலில் பிடிப்பதை இறவு, இறா என்றும் வழங்கினார்கள். தேனடையை எடுப்பவர் புகை போட்டுத்தான் தேனீயை விரட்டுவார். ஆகவே பழந்தமிழ் படித்த ஒருவருக்குப் "புகையிறால்" தேன் எடுக்கும் காட்சியைத்தான் கொண்டுவரும். "புகையிறவு" என்று வைத்தால் இரண்டு குழப்பமும் தீரும்.

இலக்கணி எழுதியது:

இறவு இன்று எத்தனை பேருக்குப் புரியும்? கையேட்டைத் திறப்பவர் இறாலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கருவாட்டின் "வாடு" எதுவென்று தெரியாமலேயே கருவாடு என்கிறோம், அது வாடூனின் வாடாகவே இருக்கலாம். சொல் நிலைப்பது புழங்குவதால்.

வேர்ச்சொல் எழுதியது:

வாடூன் என்பதை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். உலர்த்திய ஊனை வாடூன் என்றவர்கள், அறுத்துக் காயவைத்த சுறாவை உணக்கல் என்றார்கள். வாடுதல், உணங்குதல், உலர்தல், புலர்தல், காய்தல் என ஈரம் போவதற்கு மட்டும் இத்தனை சொல் வைத்திருந்த மொழி இது. புகைக்கும் ஒரு தனிச்சொல் இருந்திருக்கும் என்றே என் மனம் சொல்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடலோடி எழுதியது:

தேடல் நடக்கட்டும் ஐயா. அதற்குள் மூட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

மூட்டம் என்றால் அடைத்து வைத்த புகை, தேங்கிய புகை. வானம் மூட்டமாக இருக்கிறது என்கிறோமே, அந்தத் தேக்கம். இறாலுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பெட்டியின் மேல் துளை திறந்திருக்க வேண்டும். புகை கீழே நுழைந்து, இறாலைத் தடவிக்கொண்டு, மேலே வெளியேற வேண்டும். மெல்லிய, நீலம் பாய்ந்த புகைதான் நல்ல புகை. கெட்டியாக வெள்ளையாகச் சுருண்டு வந்தால் கட்டை சரியாகப் பற்றவில்லை, காற்று போதவில்லை என்று பொருள். அந்தப் புகை தேங்கினால் தாரும் கரியும் இறால் மேல் படிந்து நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் கசக்கும். மூட்டம் போடச் சொன்னால் படிப்பவர் துளையை அடைத்துவிடுவார்.

இன்னும் முக்கியமானது ஹாட், கோல்ட் என்ற இரண்டு சொல். அதில் அவசரப்படாதீர்கள். ஹாட் ஸ்மோக்கிங்கில் இறால் வெந்துவிடும். கோல்ட் ஸ்மோக்கிங்கில் பெட்டி 30 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். இறால் எத்தனை மணி நேரம் புகையில் கிடந்தாலும் பச்சைதான். நிறம் மாறும், மணம் ஏறும், பார்த்தால் தயார் என்று தோன்றும். லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி சாகாது. அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். காற்றை உறிஞ்சி உறையிட்டு வைத்தால் இன்னும் மோசம்: போட்டுலினம் நச்சை உண்டாக்கும் கிருமியில் ஒரு வகை 3.3 டிகிரியிலேயே வளரக்கூடியது, அதற்குக் காற்றும் வேண்டாம். உறையவைப்பது ஒட்டுண்ணிப் புழுவைக் கொல்லும், இந்தக் கிருமிகளை ஒழிக்காது. ஆகவே சொல்லைக் கேட்டதும் இறால் வெந்ததா, வேகாததா என்று தெரிய வேண்டும்.

வேர்ச்சொல் எழுதியது:

வெம்புகை, தண்புகை. வெம்மை, தண்மை என்ற பண்பிலிருந்து நேராக வருபவை. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தென்றல் எழுதியது:

ஐயா, படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அடுப்பை மூட்டிவிட்டுக் கையேட்டைப் புரட்டுபவர் "தண்புகை" என்ற இடத்தில் நின்றுவிடுவார். சுடுநீர், குளிர்நீர் எல்லோருக்கும் தெரியும். சுடுபுகை, குளிர்புகை என்று வைத்தால் என்ன?

இலக்கணி எழுதியது:

இரண்டும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஆதரிக்கிறேன்.

அடுப்படி எழுதியது:

> குளிர்புகை

30 டிகிரி குளிரா? கோல்ட் ஸ்மோக்கில் நடப்பது என்ன? கட்டையைத் தனியாக ஒரு பக்கம் கனலவைத்து, புகையைக் குழாய் வழியே நீளமாக நடத்தி, சூடு ஆறிய பிறகு பெட்டிக்குள் விடுகிறார்கள். அது ஆறிய புகை. ஆறிய காப்பி என்றால் குளிர்ந்த காப்பி என்று யாரும் நினைப்பதில்லை, சூடு போன காப்பி என்றுதான் நினைப்பார்கள். செயல் அப்படியே சொல்லில் இருக்கிறது.

இலக்கணி எழுதியது:

ஆறிய புகை சரி. ஆனால் சுடுபுகைக்கு இணையாக அதை வினைத்தொகை ஆக்கினால் "ஆறுபுகை" ஆகும், எண்ணாகப் படிப்பார்கள்.

கடலோடி எழுதியது:

மூன்று ஜோடியுமே புகையின் சூட்டைத்தான் சொல்கின்றன. இறாலின் நிலையைச் சொல்லவில்லை. நான் கேட்டது அதுதான்.

வேர்ச்சொல் எழுதியது:

வேகாப்புகை என்று வைக்கலாமா? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

இலக்கணி எழுதியது:

பெயரெச்சம் தழுவுவது புகையை. வேகாதது புகை என்றல்லவா ஆகும்? பச்சைப்புகை என்றாலும் அதே கோளாறு, பச்சை விறகின் புகை என்று எடுப்பார்கள். அடையைப் புகையிலிருந்து கழற்றி இறாலில் மாட்டுங்கள். செயலின் பெயர் குளிர்புகை. கிடைக்கும் பொருளின் பெயர் "குளிர்புகையூட்டிய பச்சை இறால்". மற்றது "சுடுபுகையில் வெந்த இறால்". பச்சைமீன் என்றால் எல்லோருக்கும் புரியும்.

கடலோடி எழுதியது:

இதை முழு மனதோடு ஏற்கிறேன். ஒரே நிபந்தனை: "பச்சை" இறாலுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், இடம் போதவில்லை என்று அச்சில் அதை வெட்டக் கூடாது. "சமைத்தே உண்ணவும்" என்ற வரியும் கூடவே வரட்டும். சுடுபுகையில் வெந்ததையும் 4 டிகிரிக்குக் கீழே வைத்து மூன்று, நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். புகை ஏறிவிட்டதால் கருவாடு போல நாள்பட நிற்கும் என்று நினைப்பவர் பலர். 60 கிராம் உப்பில் 20 நிமிடம் ஊறியது சுவைக்கான உப்பு, காக்கும் அளவு உப்பு அல்ல. அதனால்தான் "புகைக் கருவாடு" என்ற சொல்லைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம் என்கிறேன்.

தென்றல் எழுதியது:

நன்றி. பெலிக்கிளுக்கு வருவோம். ஊறி உலர்ந்த இறாலின் மேல் உண்டாகும் மெல்லிய பளபளப்பு. உப்பு, சதையின் மேல்பக்கப் புரதத்தைக் கொஞ்சம் கரைக்கிறது. அது காய்ந்து ஏடு போல ஆகிறது. விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, ஆனால் விரல் லேசாகப் பிடித்து விடுபட வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் நீர்த்துளியில் புகை படிந்து ஓடி, இறால் மேல் பழுப்புக் கோடுகள் விழுகின்றன.

வேர்ச்சொல் எழுதியது:

பொருக்கு.

அடுப்படி எழுதியது:

ஆடை. பாலாடை போல, இறாலாடை.

இலக்கணி எழுதியது:

இறாலாடையைக் கடையில் உடுப்பு என்று நினைப்பார்கள். புரதவாடை என்றாலோ நாற்றம் வந்துவிடும். தென்றல் அவர்களின் விளக்கத்திலேயே சொல் இருக்கிறது: விரல் பிடித்து விடுபட வேண்டும். பசைப்படலம்.

கடலோடி எழுதியது:

பசைப்படலம் நல்ல சொல், சோதிக்கும் முறையும் அதிலேயே இருக்கிறது. பொருக்கையும் விட்டுவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் நேரம் மிஞ்சிப்போனாலோ, மின்விசிறியின் நேர்க்காற்றில் கிடந்தாலோ, எடுத்த எடுப்பில் சூட்டைக் கூட்டினாலோ மேல்தோல் இறுகிவிடும். புகை உள்ளே போகாது, மேலே தோல் போலவும் உள்ளே ஈரமாகவும் நின்றுவிடும். அதுதான் பொருக்கு. சரியாக வந்தால் பசைப்படலம், தவறினால் பொருக்கு.

வேர்ச்சொல் எழுதியது:

பொருக்குக்கு இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. லிக்விட் ஸ்மோக் புகைச்சாறு.

தென்றல் எழுதியது:

புகைநீர் போதும் ஐயா, சாறு என்றால் பிழிந்தது போல் இருக்கிறது. அது புகையைக் குளிரவைத்து நீரில் பிடித்ததுதான்.

17ஆம் பக்கத்தில் கட்டை பற்றி ஒரு பத்தி. வன்மரம் மட்டும்: ஓக், ஆப்பிள், பீச், ஆல்டர். மரத்தில் உள்ள லிக்னின் சூட்டில் சிதைந்து குவாயகால், சிரிங்கால் என்ற மணப்பொருள்கள் வருவதால்தான் அந்த மணம் என்று மூலம் சொல்கிறது. பைன் போன்ற பிசின் மரங்கள் கூடாது. ஹார்ட்வுட்டுக்கு வன்மரம் சரிதானே?

வேர்ச்சொல் எழுதியது:

சரி. வயிரமரம் என்றும் சொல்லலாம், ஆனால் வயிரம் ஏறாத இளமரமும் வன்மர இனத்தில் உண்டு. வன்மரமே இருக்கட்டும். பெயிண்ட் அடித்த பலகைச் சீவல் கூடாது என்று இருக்கிறதா? இல்லையென்றால் சேருங்கள்.

அடுப்படி எழுதியது:

பதம் பார்ப்பது எப்படி என்று எழுதியிருக்கிறீர்களா? சிறு இறாலில் வெப்பமானி ஊசி மறுபக்கம் வந்துவிடும். தலை இருந்த பக்கத்துத் தடித்த சதையில், நீளவாக்கில் குத்த வேண்டும். ஊசி இல்லையென்றால் வடிவம் பாருங்கள். பிறை போல வளைந்து, கண்ணாடித்தன்மை போய் முத்து நிறம் வந்தால் பதம். வாலும் தலைப்பக்கமும் தொட்டு வளையமாகச் சுருண்டால் முறுகிவிட்டது, ரப்பராக இழுக்கும். இறாலின் ஓட்டை உரிக்காமல் முதுகை மட்டும் கீறிக் குடலை எடுத்தால் ஈரமும் நிற்கும், கீறல் வழியே புகையும் இறங்கும்.

தென்றல் எழுதியது:

எழுதவில்லை, சேர்க்கிறேன். "பிறைப்பதம், வளையப்பதம்" என்று இரண்டு சொல் உங்களிடமிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

இன்று மாலை கோப்பை அனுப்ப வேண்டும். முடிவு: புகையூட்டல், சுடுபுகை, குளிர்புகை, பசைப்படலம், புகைநீர். கூடுதலாகப் பொருக்கு. பெட்டிக்குப் புகைப்பெட்டி.

வேர்ச்சொல் எழுதியது:

வெம்புகை, தண்புகை என்பதைச் சொல்லடைவில் ஒரு வரியாகவாவது போடுங்கள்.

அடுப்படி எழுதியது:

குளிர்புகைக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஆறிய புகைதான் சரி. மூட்டமும், புகை தேங்கினால் வரும் கோளாறுக்காவது இருக்கட்டும்.

தென்றல் எழுதியது:

"புகை மூட்டமாகத் தேங்கினால் மேல் துளையைத் திறக்கவும்." 21ஆம் பக்கம், மூன்றாம் வரி. போட்டுவிட்டேன்.

கடலோடி எழுதியது:

"பச்சை" வெட்டப்படாமல் இருக்கிறதா?