டஜிமா டி கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் மைனஸ்ல வருது, எல்லாமே செலக்ஷனா?

கோடான்_கிறுக்கன்:
1000 ஜீனோம்ஸ் (பல நாட்டு மனுஷங்களோட டிஎன்ஏ தொகுப்பு) டேட்டால யொரூபா (நைஜீரியா மக்கள்) சாம்பிள எடுத்து, குரோமோசோம 10 கிலோபேஸ் (10,000 டிஎன்ஏ எழுத்து) விண்டோவா வெட்டி டஜிமா டி (அரிய மியூட்டேஷனும் பரவலான மியூட்டேஷனும் எவ்ளோ இருக்குன்னு ஒப்பிடுற எண்) போட்டுப் பாத்தேன். மைனஸ் வந்தா செலக்டிவ் ஸ்வீப் (நல்ல மியூட்டேஷன் ஒண்ணு வேகமா எல்லார்கிட்டயும் பரவுறது), ப்ளஸ் வந்தா பேலன்சிங் செலக்ஷன் (பல வடிவத்தையும் தேர்வு தக்க வைக்கிறது)னுதான் படிச்சேன், ஆனா இங்க முக்கால்வாசி விண்டோ மைனஸ். இவ்ளோ இடத்துலயா இயற்கைத் தேர்வு நடந்திருக்கும்? இல்ல இதுல இருந்து நிஜமான சிக்னல பிரிச்செடுக்க வேற வழி இருக்கா?

பழைய_எலும்பு:
மக்கள்தொகை பெருகினாலே அரிய மியூட்டேஷன் நிறைய சேரும், அரிய மியூட்டேஷன் சேந்தா டி மைனஸ்ல போயிடும், ஸ்வீப் முடிஞ்சப்புறம் அந்த இடத்துல புதுசா வர்ற மியூட்டேஷனும் அரியதாத்தான் இருக்கும், அதனால ரெண்டுக்கும் தடம் ஒண்ணுதான். ஊர் பூரா ஈரம்னா மழை, ஒரு வாசல் மட்டும் ஈரம்னா யாரோ தண்ணி ஊத்திருக்காங்க. உங்களுக்கு வந்திருக்கிறது மழை. இதே கணக்க ஐரோப்பிய சாம்பிள்ல போட்டா மதிப்பு மேல ஏறும், ஏன்னா ஆப்பிரிக்காவ விட்டு வெளிய போன கூட்டம் ரொம்ப சுருங்கிப் போச்சு, சுருங்குறப்ப அரிய மியூட்டேஷன்தான் முதல்ல தொலையும்.

அதுக்காக கடைசி 1 சதவீத விண்டோவ மட்டும் எடுத்து இதெல்லாம் செலக்ஷன்னு எழுதிடாதீங்க. செலக்ஷனே இல்லாத ஜீனோம்லயும் கடைசி 1 சதவீதம்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும்! எம்எஸ்ப்ரைம்ங்கற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல அந்த மக்கள்தொகை வரலாற வச்சு நியூட்ரலா (செலக்ஷன் இல்லாம) சிமுலேட் பண்ணி, அந்த பரவலோட உங்க மதிப்ப ஒப்பிடுங்க.

நிலவொளி:
டி ஒண்ண மட்டும் நம்பாதீங்க, ஹாப்லோடைப் (ஒரே குரோமோசோம்ல சேந்தே கடத்தப்படுற டிஎன்ஏ துண்டு) நீளத்தையும் பாருங்க. ஒரு மியூட்டேஷன் வேகமா பெருகினா பக்கத்துல இருக்கிறத ரீகாம்பினேஷன் (ஜோடி குரோமோசோம்கள் துண்டு மாத்திக்கிறது) வெட்டிப் பிரிக்க நேரமே இருக்காது, அதனால நீளமா ஒரே மாதிரி துண்டு நிறைய பேர்கிட்ட இருக்கும். ஐரோப்பாவுல பெரியவங்களுக்கும் பால் செரிக்க வைக்கிற லாக்டேஸ் மாற்றம் இதுக்கு நல்ல உதாரணம், எல்சிடிங்கற லாக்டேஸ் ஜீனுக்கு 13910 பேஸ் முன்னாடி, பக்கத்து எம்சிஎம்6 ஜீனோட இன்ட்ரானுக்குள்ள (புரதமா மாறாத பகுதி) உக்காந்திருக்கு, அத சுமக்குற ஹாப்லோடைப் சுமார் 10 லட்சம் பேஸ் நீளம். இந்த நீளத்த அளக்குற கணக்குகள், 2002-ல வந்த ஈஹெச்ஹெச், 2006-ல வந்த ஐஹெச்எஸ், ரெண்டும் இந்த யோசனைதான். ஆனா ஐஹெச்எஸ்-க்கு பழைய அலீல் (ஒரே இடத்துல வர்ற மாற்று வடிவம்) புது அலீல் ரெண்டும் கூட்டத்துல இருக்கணும், ஸ்வீப் முழுசா முடிஞ்சுட்டா அதுக்கு கண்ணு தெரியாது, அப்ப எக்ஸ்பி-ஈஹெச்ஹெச் போட்டு இன்னொரு கூட்டத்தோட ஒப்பிடணும். ரீகாம்பினேஷன் கம்மியா நடக்குற இடத்துல சும்மாவே நீளமா இருக்கும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

எனக்கு இந்த லாக்டேஸ் கதைல நம்பிக்கை வந்தது நீளத்தால மட்டும் இல்ல. கிழக்கு ஆப்பிரிக்கால கால்நடை மேய்ச்ச கூட்டங்கள்ல அதே வேலைய செய்ற வேற மியூட்டேஷன் தனியா வந்திருக்கு (2007-ல கண்டுபிடிச்சாங்க), அது போக பழைய எலும்புல எடுத்த டிஎன்ஏ-ல பாத்தா ஐரோப்பாவோட முதல் விவசாயிங்ககிட்ட இந்த அலீல் அனேகமா கிடையாது.

உப்புநீர்_மீன்:
மனுஷங்களோட நிக்காதீங்க. ஸ்டிக்கிள்பேக்ங்கற சின்ன மீன் கடல்ல இருந்து நன்னீர் ஏரிகளுக்குள்ள போனப்ப, பல இடத்துல தனித்தனியா உடம்புக் கவசத் தட்ட தீர்மானிக்கிற ஈடிஏ ஜீனோட கவசம் குறைஞ்ச அலீல் மேல வந்திருக்கு, அது கடல் மீன்லயே கம்மி அளவுல ஏற்கனவே இருந்தது. மக்கள்தொகை ஏத்த இறக்கம் ஒரே ஜீன ஏரிக்கு ஏரி தள்ளாது.

கோடான்_கிறுக்கன்:
ஓ சரி. அப்ப உயரம் மாதிரி ஆயிரக்கணக்கான ஜீன் சேந்து முடிவு பண்றதுல ஸ்வீப்பே தெரியாதே, அத எப்படி பிடிக்கிறது?

பழைய_எலும்பு:
அங்கதான் ரொம்ப உஷாரா இருக்கணும். ஒவ்வொரு இடத்துலயும் ஃப்ரீக்வென்சி துளிதான் நகரும், அத மொத்தமா கூட்டித்தான் பாப்பாங்க, ஜிடபிள்யூஏஎஸ்-ல (ஜீனோம் பூரா எந்த மாற்றம் எந்த குணத்தோட சேருதுன்னு தேடுற ஆய்வு) மக்கள் கூட்டத்தோட வித்தியாசம் சரியா கழியலனா அந்த சின்ன பிழையும் கூடவே கூடிக்கிட்டு போகும். வடக்கு ஐரோப்பாவுல உயரத்துக்கு செலக்ஷன் நடந்துச்சுன்னு ரொம்ப நாள் பேசினாங்க, 2019-ல யூகே பயோபேங்க் (பிரிட்டன் மக்களோட மரபு, உடல்நலத் தகவல் தொகுப்பு) டேட்டால திரும்ப பாத்தப்ப அந்த சிக்னல் ரொம்பவே சுருங்கிப் போச்சு. அதனால இப்பதைக்கு உயரத்த விடுங்க, எல்சிடி பக்கம் ஐஹெச்எஸ் ஓட்டிப் பாருங்க, ஆனா அதுக்கு யொரூபா வேணாம், ஐரோப்பிய சாம்பிள எடுங்க, ஃபேஸ் பண்ண (எந்த அலீல் எந்த குரோமோசோம்ல இருக்குன்னு பிரிச்ச) ஃபைலா இருக்கணும்.