கான்ஜி எழுத்துகளுக்கான தமிழ்ப் பொருள் பட்டியலைத் திறந்த தரவாக வெளியிடலாமா?

ஓசூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் மாலை வேளையில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். கான்ஜி எனப்படும், சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த பொருள்குறி எழுத்துகளின் பொருளை ஆங்கிலம் வழியாகப் படித்து, அதைத் தமிழில் புரிந்துகொள்ள வேண்டிய இரட்டைச் சுமை அவர்களைத் தளரச் செய்கிறது. ஆகவே ஜப்பானியத் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளுக்கு உரிய 240 எழுத்துகளுக்குத் தமிழ்ப் பொருள் எழுதி ஓர் எக்செல் கோப்பு தயாரித்திருக்கிறேன். பொருள்களைப் பெரும்பாலும் கான்ஜிடிக் என்னும் கான்ஜி அகராதித் தரவின் ஆங்கிலச் சொற்களிலிருந்து தமிழாக்கினேன். எழுத்துகளை மனத்தில் நிறுத்த உதவும் நினைவுக் குறிப்புகளை ஒரு பாடநூலிலிருந்து எடுத்தேன். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். இதை எவரும் இலவசமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் விருப்பம். எந்த உரிமத்தில் வெளியிடுவது? வெளியிடும் முன் எவற்றைத் திருத்த வேண்டும்?

தருமபுரி மென்பொருளாளர்:
வணக்கம் அம்மா. கான்ஜிடிக், ஜிம் பிரீன் தொடங்கிய பணி. அதன் இன்றைய வடிவத்தில் 13,108 எழுத்துகள் உள்ளன. அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வழிவந்த ஆக்கத்தையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளோடு கிடைக்கிறது. அதிலிருந்து தமிழாக்கியதால் உங்கள் கோப்புக்கும் அதே உரிமத்தையே அளியுங்கள். எழுத்தின் கோடுகளை எந்த வரிசையில் எழுதுவது என்று காட்டும் படங்கள் தேவைப்பட்டால் உல்ரிக் அப்பெல் உருவாக்கிய கான்ஜிவிஜி தரவும் இதே வகை உரிமத்தில்தான் இருக்கிறது. பாடநூலின் நினைவுக் குறிப்புகளை மட்டும் தயவுசெய்து முழுவதும் நீக்கிவிடுங்கள். அவை அந்நூலாசிரியரின் உடைமை, நமக்குப் பகிரும் உரிமை இல்லை.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் தருவதும் சரிவராது. பொன்னைக் குறிக்கும் எழுத்தின் ஒலியும் வெள்ளியைக் குறிக்கும் எழுத்தின் ஒலியும் முதல் மெய் k, g என மாறுவதால் மட்டுமே (kin, gin) பிரிகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்' என்றே ஆகிவிடும். ஜப்பானியத்தின் ஒலியெழுத்துகளான கானாவில் உச்சரிப்பைக் கோப்பின் ஒரு தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) அப்படியே வைத்திருங்கள். ஒவ்வொரு வரிக்கும் அந்த எழுத்தைக் கணினியில் அடையாளம் காட்டும் யூனிகோடு எண்ணையும் சேர்த்தால் பிறர் தங்கள் தரவோடு எளிதில் இணைத்துக்கொள்வார்கள்.

அரூர் வாசகர்:
உரிமத்தைப் பற்றி நண்பர் சொன்னதை ஏற்கிறேன்; எனக்குப் பொருள் பத்தியைப் பற்றித்தான் அக்கறை. ஆங்கிலத்தில் இரு சொற்கள் கூட்டிச் சொல்ல வேண்டிய 'அனி', 'ஒதோதோ', 'அனே', 'இமோதோ' ஆகிய நான்கும் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று ஒற்றைச் சொல்லிலேயே அமைகின்றன. அனி, ஒதோதோ ஆகியவற்றின் எழுத்துகளைச் சேர்த்தால் வரும் 'கியோதாய்' என்னும் சொல், நாம் 'அண்ணன் தம்பி' என்று மூத்தவரை முன்வைத்துச் சொல்வதைப் போலவே அமைந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் இந்த நெருக்கம் மறைந்து, 'மூத்த சகோதரன்' என்னும் உயிரற்ற தொடர்தான் மிஞ்சும்.

நிலத்தைக் குறிக்கும் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். 'தா' என்பது நெல் விளையும் நன்செய். மூன்றாம் வகுப்பில் வரும் 'ஹதாகே' புன்செய். இரண்டுக்கும் 'வயல்' என்று எழுதிவிடாதீர்கள். 'மோரி' என்னும் எழுத்துக்குக் 'காடு' என்று மட்டும் எழுதினால், எங்கள் பக்கத்து மாணவர் மானாவாரி நிலம் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே 'அடர்ந்த வனம்' என்பதே ஐயமற்றது. மூங்கில் தோப்பைக் குறிக்கும் 'சிகுரின்' என்னும் சொல்லில் 'ஹயாஷி' எழுத்தே வருவதால் அதற்குத் 'தோப்பு' பொருந்தும். ஆயினும் கிருஷ்ணகிரி மாந்தோப்பைப் போன்ற பழத்தோட்டத்துக்கு ஜப்பானியத்தில் வேறு சொல் இருப்பதை ஒரு குறிப்பாகச் சேருங்கள்.

ஓசூர் ஆசிரியை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சரிபார்த்தபோது நான் உண்மையிலேயே 'மூத்த சகோதரன்' என்றுதான் எழுதியிருந்தேன். அதை இன்றே மாற்றிவிட்டேன். நினைவுக் குறிப்புகளை நீக்கிவிட்டு, அவற்றுக்கு மாற்றாக என் மாணவர்களே சொந்தமாக எழுதும் குறிப்புகளை அவர்களுடைய ஒப்புதலோடு சேர்க்கவிருக்கிறேன். ஒவ்வொரு தமிழ்ப் பொருளும் ஆங்கிலத்திலிருந்து வந்ததா, ஜப்பானியச் சொற்களை நேரடியாகப் பார்த்து முடிவு செய்ததா என்பதைக் காட்டும் ஒரு பத்தியும் இருக்கும். முதல் 80 எழுத்துகளை முடித்ததும் இங்கே பகிர்கிறேன். ஐயா, நிலம், பயிர் தொடர்பான வரிகளை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தர இயலுமா?