சாஃப்ட்வேரில் நீங்கள் ஓடுவதைத் தொடாதே கட்சியா, புதுசைப் போட்டுப் பார்ப்போம் கட்சியா? உங்கள் டீமில் நடந்ததைச் சொல்லுங்கள்

லாஸ்பேட்டைக்காரன்
2017, ஜி.எஸ்.டி. வந்த ஜூலை. பண்ருட்டி முந்திரி கம்பெனிக்கு பில்லிங். கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸுக்குப் பழைய மைஎஸ்க்யூஎல் போதும் என்றார் சீனியர் அண்ணன். புது வகை டேட்டாபேஸான மோங்கோடிபிதான் என்று நின்றான் புதுப் பையன். மீட்டிங்கில் பையன் ஜெயித்தான். பல டாக்குமென்டை (பதிவை), ஏறினால் எல்லாம், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று, ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதும் வசதி மோங்கோடிபியில் அப்போது கிடையாது, 2018-ல் 4.0 பதிப்பில்தான் வந்தது. நடுவில் கரண்ட் போனால் பில் ஏறிவிடும், ஸ்டாக் குறையாது. அதேதான் நடந்தது. குடோன் மேஸ்திரி டபிள்யூ 320 ரக முந்திரி டின்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறார், திரையில் வேறு கணக்கு. முதலாளி கத்த வாயெடுக்கும் நேரம், அண்ணன் தன் லேப்டாப்பைத் திருப்பினார். யாருக்கும் சொல்லாமல் எல்லா பில்லையும் பழைய டேட்டாபேஸிலும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்! பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காப்பாற்றினாரா, கழுத்தறுத்தாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மஞ்சக்குப்பம்
கழுத்தறுப்புதான், சந்தேகமே வேண்டாம். எங்கள் கதை நேர் எதிர். பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-ல் மண்டப புக்கிங். தமிழில் பெயர் அடித்தால் யூனிகோட் எரர் (எழுத்துக் குறியீட்டுத் தப்பு) வந்து ரசீது நின்றுவிடும். "இங்கிலீஷில் அடிக்கச் சொல்லும்மா, ஓடுது இல்ல" என்பார் லீடர். 2020 ஜனவரி 1-க்கு மேல் பைத்தான் 2-க்கு ஆதரவில்லை என்று எப்போதோ அறிவித்தாயிற்று, அவர் அசையவில்லை. ஒரு பெண் ராத்திரியில் உட்கார்ந்து 3-க்கு மாற்றிவைத்திருந்தாள். அவள் எடுத்த முதல் ரசீதில் 'திருப்பாதிரிப்புலியூர்' ஒரு புள்ளி குறையாமல் விழுந்தது. லீடர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃபான்ட் சின்னதா இருக்கு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

வில்லியனூர்
என் டீமிலும் இப்படி ஒருவர் இருந்தார், போய்விட்டார். அதை விடுங்கள். லாஸ்பேட்டை, நீங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான்: பணம் தொடும் இடத்தில் பழசு, தொடாத இடத்தில் புதுசு. புதுசை முதலில் ஒரே ஒரு கிளையில் ஓட விடுங்கள். திரும்பிவரும் வழியை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒரு முறை நிஜமாகவே திரும்பி வந்து பாருங்கள். பேக்கப் எடுத்தால் போதாது, ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டும். இரண்டிலும் எழுதுவதில் தப்பே இல்லை, ஆனால் டீமுக்குத் தெரிந்து எழுத வேண்டும். அப்புறம், மீட்டிங்கில் பேசியதை மெயிலில் போட்டு வையுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்
சார், நான் யோசனை கேட்கவில்லை. அந்த அண்ணன் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அதுதான் சிக்கல்.

ஓ.டி. துறைமுகம்
பணம் தொடாத இடமா? எங்கள் ஆபீசில் அட்டென்டன்ஸ் பக்கத்தைத்தான் 'சும்மா' ரியாக்டில் (வெப் பக்கம் கட்டும் டூல்) மாற்றினார்கள். மாசக் கடைசியில் வாட்ச்மேனுக்குப் பாதிச் சம்பளம் வந்தது. நைட் டியூட்டியில் தேதி மாறுவதை ஒருவரும் நினைக்கவில்லை. மாற்றியவன் அன்று மத்தியானமே லீவு போட்டுவிட்டான். வாட்ச்மேனிடம் பதில் சொன்னது, முதலிலேயே வேண்டாம் என்ற சீனியர் அக்காதான்.