வீட்டுக்குள் வளரும் பட்டன் ரோஜாவில் சிலந்திப்பேன், மொட்டெல்லாம் கருகுகிறது

வணக்கம். ஓசூரில் மாடி வீடு, வெளியே தொட்டி வைக்க இடமில்லை. கிழக்கு பார்த்த ஜன்னலோரம் ஒரு சிவப்பு பட்டன் ரோஜா வளர்க்கிறேன். பத்து அங்குலத் தொட்டி. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த மண். காலை வெயில் நான்கு மணி நேரம் விழும், மாலையில் எல்இடி விளக்கு போடுகிறேன். தை மாதம் வரை நன்றாகப் பூத்தது.

மாசி வெயில் ஏறியதிலிருந்து இலைகளில் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள். பிறகு மஞ்சளாகி உதிர்கின்றன. இலையடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத்தாளில் இலையைத் தட்டினால் மண்துகள் அளவில் சிவப்பாக ஏதோ ஊர்கிறது, அதனால் செஞ்சிலந்திப்பேன் என்றே நினைக்கிறேன். மொட்டுகள் பட்டாணி அளவிலேயே கருகிவிடுகின்றன, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். வேப்பெண்ணெயில் காதி சோப்பு கலந்து வாராவாரம் அடித்தேன். மோசமான கிளைகளை வெட்டினேன், மற்ற தொட்டிகளைத் தள்ளி வைத்தேன். சில நாள் அடங்கும், அப்புறம் முட்டை பொரிந்து மறுபடியும் வரும். பூச்சிமருந்துக்கடையில் நனையும் கந்தகத்தூளை (தண்ணீரில் கலந்து தெளிப்பது) அடிக்கச் சொன்னார்கள். ஆனால் எண்ணெய் அடித்த செடியில் உடனே கந்தகம் அடித்தால் இலை கருகும். வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கிறது.

இங்கே பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறவர்கள் இருப்பீர்கள். குழந்தை இருக்கும் அறையில் பயமில்லாமல் பயன்படுத்தக்கூடிய, சிலந்திப்பேனின் முட்டையையும் அழிக்கிற வழி எது?